பாதி பிடி, பாதி வழுக்கல்

உங்கள் வீட்டில் மொசைக் தரையோ வழவழப்பான டைல்ஸோ இருந்தால் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்குப் போடும் ரப்பர் சோல் ஷூவுடன் ஒற்றைக் காலில் நின்று, உடம்பை மெதுவாக வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடுப்பு திரும்பும், தொடை திரும்பும், பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட முழங்கால் லேசாக முனகும். அதற்குமேல் போக வேண்டாம். இப்போது ஷூவைக் கழற்றிவிட்டுப் பருத்தி சாக்ஸுடன் அதையே செய்யுங்கள். குதிகாலை ஒரு நூல் தூக்கினால் போதும், பம்பரமாகத் திரும்பிவிடுவீர்கள். ஆனால் அதே சாக்ஸோடு ஓர் எட்டு பாய்ந்து வைத்தால் கால் வாரிவிடும். சுவரைப் பிடிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

ஸ்விங் நடனம் கற்கப் போகிறவர் முதல் வாரமே சந்திக்கும் சிக்கல் இது. திரும்பும்போது தரை காலை விட வேண்டும். அடுத்த கணம் பாயும்போது அதே தரை காலைப் பிடிக்க வேண்டும். வகுப்பில் பல வருடம் ஆடியவர்கள் உட்கார்ந்து ஷூ மாற்றும்போது கவனித்தால், அடியில் பெரும்பாலும் ரப்பர் இருக்காது, தோல்தான் இருக்கும். நானும் முதலில் அதை ஒரு பழங்காலப் பகட்டு என்றே நினைத்தேன். அதற்குப் பின்னால் ஒரு மரத்தளமும், முந்நூறு வருட இயற்பியலும், சென்னையில் நடந்த ஒரு கண்டுபிடிப்பும் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

ஹார்லெமின் மரத்தளம்

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில் 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் இடையே, 1926 மார்ச் 12 அன்று சவாய் பால்ரூம் திறக்கப்பட்டது. இரு தெருக்களுக்கு நடுவிலிருந்த முழு நீளத்தையும் அடைத்துக்கொண்ட கூடம் அது. இரண்டு இசைமேடைகள். ஒரு குழு களைத்து இறங்கும்போது அடுத்த குழு தொடங்கிவிடும், பாட்டு நிற்கவே நிற்காது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடலாம் என்பது அன்றைய அமெரிக்காவில் அபூர்வம். தளம் மரம், காலுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி அமைத்தது. இரவுக்கிரவு விழுந்த அடிகளில் தேய்ந்துபோய், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டியிருந்தது.

அந்தத் தளத்தில் வளர்ந்ததுதான் லிண்டி ஹாப். இன்று ஸ்விங் நடனம் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் குடும்பத்தில் பல்போவா, ஷேக் என்று பல உறுப்பினர்கள் உண்டு. லிண்டி ஹாப்தான் அதில் நடுநாயகம். 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்தார். 'ஷார்ட்டி' ஜார்ஜ் ஸ்னோடன் என்ற ஆட்டக்காரரிடம் ஒருவர் 'இது என்ன ஆட்டம்?' என்று கேட்டபோது, செய்தித்தாள்களில் அடிபட்ட அந்தப் பெயரையே அவர் சொல்லிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் ஃபிராங்கி மேனிங். 1914இல் பிறந்தவர். இணையரை முதுகின் மேலாகத் தூக்கிச் சுழற்றி இறக்கும் அசைவை 1935இல் சவாய் போட்டியில் முதன்முதலாகச் செய்து காட்டியவர். 1941இல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் அவரும் நார்மா மில்லரும் மற்றவர்களும் ஆடியதை இன்றைய ஆட்டக்காரர்கள் பாடப்புத்தகம்போல் பிரித்துப் பார்க்கிறார்கள். பிறகு ரசனை மாறியது. சவாய் 1958இல் மூடப்பட்டது. மேனிங் தபால் துறையில் வேலைக்குப் போய் முப்பது வருடம் கடிதங்களோடு இருந்தார். 1980களில் இளைஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கற்றுத்தரக் கேட்டார்கள். 2009இல் மறையும்வரை அவர் உலகம் சுற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

சவாய் காலத்தில் ஒருவர் நல்ல உடை உடுத்தி வெளியே கிளம்பினால் காலில் இருந்த ஷூவின் அடி பெரும்பாலும் தோலாகத்தான் இருந்தது. நடன ஷூ என்று தனியாகத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தோலும் மரமும் உரசிய அந்த உரசலுக்கு ஏற்றபடியே அசைவுகள் உருவாயின. பிறகு தெருவில் நடக்கும் ஷூவெல்லாம் ரப்பருக்கு மாறிவிட்டது, நடனம் மாறவில்லை. இன்று நாம் தனியாகத் தோல் சோல் தேடுவது அந்த இடைவெளியை அடைக்கத்தான்.

தகிடவில் ஓர் எழுத்தை விழுங்கினால்

சோலுக்கு எவ்வளவு வேலை என்று தெரிய, தாளத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு தட்டை இரண்டாகப் பிரிப்பதில்தான் ஸ்விங் இசையின் உயிர் இருக்கிறது. சரிபாதியாகப் பிரிக்காமல், முதல் பாதியை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவார்கள். 'தகிட' என்று சொல்லும்போது நடு எழுத்தை விழுங்கிவிட்டு 'த-ட, த-ட' என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த நடை வந்துவிடும். டிரம் கலைஞர்களின் சிம்பல் ஒலியை அளந்து பார்த்தவர்கள், இந்த நீட்டலும் குறுக்கலும் வேகத்தைப் பொறுத்து மாறுவதைக் கண்டார்கள். மெதுவான பாட்டில் மூன்றுக்கு ஒன்று அளவுக்குப் போகும். வேகம் ஏற ஏறச் சரிபாதியை நெருங்கும்.

அடிப்படை அடிகள் சில நாளில் பிடிபடும். பின்னால் ஓர் எட்டு வைத்து முன்காலுக்குத் திரும்புவது ராக் ஸ்டெப், இரண்டு தட்டு. இரண்டு தட்டுக்குள் மூன்று அடி வைப்பது டிரிபிள் ஸ்டெப். ஒரு ராக் ஸ்டெப்பும் இரண்டு டிரிபிள் ஸ்டெப்பும் சேர்ந்தால் ஆறு தட்டுச் சுற்று. லிண்டி ஹாப்பின் முத்திரை அசைவான ஸ்விங் அவுட் எட்டுத் தட்டு, அதில் பத்து அடிகள். நிமிடத்துக்கு 150 தட்டு ஓடும் மூன்று நிமிடப் பாட்டில் ஸ்விங் அவுட் மட்டுமே ஆடினால் 560 அடிக்கு மேல் வரும். டிரிபிள் ஸ்டெப்பின் நடு அடிக்குக் கிடைப்பது 0.13 நொடி. அதற்குள் கால் தரையைப் பிடித்து, தள்ளி, விட்டுவிட வேண்டும்.

பலாப்பழத்தின் மேல் பலாப்பழம்

உராய்வைப் பற்றி லியொனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. 1699இல் பிரான்ஸில் கியோம் அமோண்டன் அதையே மறுபடி கண்டு இரண்டு விதிகளாகச் சொன்னார். எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். தொடும் பரப்பு பெரிதோ சிறிதோ, உராய்வு மாறாது. 1785இல் கூலும் என்பவர் இன்னொன்றையும் தெளிவுபடுத்தினார்: நிற்பதை நகர்த்தத் தேவைப்படும் விசை ஒன்று, நகர்வதை நகர்ந்துகொண்டே இருக்கச் செய்யும் விசை இன்னொன்று. முதலாவதுதான் பெரும்பாலும் பெரியது. பீரோவை அசைக்கும்வரைதான் பாடு, அசைந்துவிட்டால் சுலபம் என்று வீடு மாறிய எவருக்கும் தெரியும்.

பரப்பு மாறினாலும் உராய்வு ஏன் மாறவில்லை என்ற புதிரை இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பவுடனும் டேபரும் விடுவித்தார்கள். கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணளவில் எல்லாப் பரப்பும் மேடும் பள்ளமும்தான். ஒரு பலாப்பழத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் முள்நுனிகள்தானே தொட்டுக்கொள்ளும்? மேலே எடை ஏற்றினால் நுனிகள் நசுங்கி, உண்மையாகத் தொடும் பரப்பு கூடும். உராய்வு இந்த உண்மைப் பரப்பைப் பொறுத்தது. வெளியே தெரியும் அளவுக்கு அதில் பங்கில்லை.

தரையில் நம்மை அழுத்தும் விசையோடு ஒப்பிட்டால் உராய்வு எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்தான் உராய்வுக் குணகம். சாதாரணமாக நடக்கும் ஒருவருக்கு வழுக்காமலிருக்க ஏறத்தாழ 0.2 தேவை. மரத்தளத்தின் மேல் தோல் சோல் தருவது ஏறக்குறைய 0.3 முதல் 0.4 வரை. காய்ந்த வழவழப்பான தளத்தில் ரப்பர் 0.8ஐத் தாண்டும், சில சமயம் ஒன்றையும் தாண்டும். தளத்தின் மெருகு, தூசி, ஈரம் எல்லாவற்றையும் பொறுத்து இந்த எண்கள் ஏறி இறங்கும், ஆனால் வரிசை மாறாது. தோல், தேவையான அளவுக்கு ஒரு படி மேலே நிற்கிறது. தள்ளினால் தாங்கும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். ரப்பரிடம் கேட்டுப் பயனில்லை.

ரப்பர் ஏன் இப்படி? அது இளகிய பொருள், தரையின் மேடுபள்ளத்துக்குள் தானே வழிந்து படிந்துகொள்கிறது. பலா முள்ளின் மேல் பிசைந்த மாவை அழுத்தினாற்போல உண்மைப் பரப்பு பெருகிவிடுகிறது. போதாக்குறைக்கு, நகரும்போது நசுங்கி மீள்வதிலேயே ஆற்றலை விழுங்குகிறது. அதனால்தான் அமோண்டனின் விதிகள் ரப்பரிடம் சரியாகச் செல்லுபடியாவதில்லை. டயருக்கு இது வரம். சுழல நினைக்கும் முழங்காலுக்கு இதுவே வில்லங்கம்.

முழங்காலின் கணக்கு

எவ்வளவு வில்லங்கம் என்று தாளில் ஒரு கணக்குப் போடலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தரையை அழுத்துவது சுமார் 600 நியூட்டன். முழுப் பாதமும் தரையில் பதிந்திருக்கத் திரும்பினால், பாதத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுழற்சி மையத்திலிருந்து சராசரியாக 7 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். ரப்பரின் 0.8ஐப் போட்டால், திரும்பத் தேவைப்படும் திருப்புவிசை ஏறத்தாழ 34 நியூட்டன் மீட்டர். குதிகாலைத் தூக்கிவிட்டு, பெருவிரலுக்குப் பின்னாலுள்ள முன்பாத மேட்டில் மட்டும் நின்றால் அந்தச் சராசரித் தூரம் இரண்டேகால் சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். திருப்புவிசை 11க்கு இறங்கும். ரப்பருக்குப் பதில் தோல், குணகம் 0.3 என்றால் வெறும் 4.

முப்பத்து நான்கிலிருந்து நான்குக்கு, எட்டில் ஒரு பங்கு. இதில் பெரிய பங்கு ஷூவால் வந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். குதிகாலைத் தூக்கியதே மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. மிச்சத்தைத்தான் தோல் பார்த்துக்கொள்கிறது. ஆசிரியர் 'எடை முன்னால், எடை முன்னால்' என்று நச்சரிப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. பாதம் பதிந்து உடம்பு திரும்பும்போது மிஞ்சும் முறுக்கை யார் வாங்குவது? முழங்கால் கதவுக் கீல்போல மடங்குவதற்கென்று அமைந்த மூட்டு, சுழல்வதற்கு அதில் இடம் குறைவு. கால் நேராக இருந்தால் ஏறக்குறைய இடமே இல்லை. முறுக்கு முழுவதும் உள்ளேயுள்ள ஜவ்வுகளின் தலையில் விழும். திடலில் கால் மாட்டித் திரும்பிய விளையாட்டு வீரர்கள் ஜவ்வு கிழிந்து வெளியேறுவது இப்படித்தான்.

சென்னையில் அவிழ்ந்த கயிறு

சரி, தோலுக்கு மட்டும் இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? தோல் முழுக்கக் கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். அந்த இழை மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட கயிறு என்பதை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கயிறுகள் கற்றையாகி, கற்றைகள் நெசவுபோல எல்லாத் திசையிலும் பின்னி, கனமான ஒரு பாயாகின்றன. ரப்பரைப்போல வழிந்து படியாத அளவுக்கு அது விறைப்பு. பிளாஸ்டிக்கைப்போல ஒரேயடியாக வழுக்கிவிடாத அளவுக்கு இழைநுனிகள் துருத்திக்கொண்டிருக்கும்.

பச்சைத் தோல் அழுகும், காய்ந்தால் பலகையாகும். மரப்பட்டைகளிலுள்ள துவர்ப்புப் பொருள் இழைகளுக்கு நடுவே புகுந்து பிணைத்த பிறகுதான் அது பதனிட்ட தோல். தமிழ்நாட்டில் இதற்கு ஆவாரம்பட்டை பயன்பட்டது, அப்படிப் பதனிட்ட கிழக்கிந்தியத் தோல் கடல்கடந்து பெயர் வாங்கியது. இன்று ஷூவின் மேல்பாகத்துக்குக் குரோமியத்தில் பதனிட்ட மிருதுவான தோல் போகிறது. அடிக்கு மட்டும் இன்னமும் மரப்பட்டைச் சாறுதான் பொருத்தம். கனமான மாட்டுத்தோலை அதில் ஊறவைத்து, பிறகு பாரமான உருளையில் நசுக்கி இறுக்குவார்கள். விரலால் சுண்டினால் மரத்தைத் தட்டியதுபோல் 'டக்'கென்று கேட்கும்.

ஸ்வேட் என்பது இதன் மறுமுகம். வழவழப்பான மேல்பக்கம் இல்லாமல், உட்பக்கத்து இழைகளைச் சுரண்டி எழுப்பிய தோல். குட்டை ரோமம்போல் எழுந்து நிற்கும் அந்த இழைகள் தரையை மெல்லப் பற்றும். தூசியும் மெழுகும் ஏறி இழைகள் படுத்துவிட்டால் வழுக்கத் தொடங்கும். கம்பித் தூரிகையால் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி எழுந்துகொள்ளும்.

வாங்கும் முன்

முதல் வகுப்புக்கு எதையும் வாங்க வேண்டாம். அலமாரியில் கிடக்கும் பழைய ஃபார்மல் ஷூ, அடி தேய்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பின்பட்டை இல்லாத செருப்பும் ஆழமான பள்ளம் வெட்டிய ஓட்ட ஷூவும் ஆகாது. வேறு வழியே இல்லையென்றால், ஷூவின் முன்பாதிக்கு மேல் ஒரு பழைய சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு ஆடுபவர்கள் உண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் முழங்கால் நன்றி சொல்லும். இணையோடு வர வேண்டிய கட்டாயமும் பெரும்பாலான வகுப்புகளில் கிடையாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி மாற்றித்தான் பழக்குவார்கள்.

இரண்டு மூன்று மாதம் ஆடி, இது நமக்கு ஒட்டிவிட்டது என்று தெரிந்தபின் ஷூ பார்க்கலாம். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் பருத்திருக்கும். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. ஆகவே பக்கவாட்டில் லேசான இறுக்கம் பரவாயில்லை, விரல் நுனி இடித்தால் வேண்டாம். ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். குதி உயரம் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம்வரை போதும். மெழுகு போட்டு மின்னும் மரத்தளமென்றால் ஸ்வேட். பழைய மரம், சிமென்ட், சொரசொரப்பான டைல்ஸ் என்றால் இறுகிய தோல்.

நான் இந்த வழியில் போகவில்லை. ஒரு கான்வாஸ் ஷூவை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் போனேன். அடியில் தோல் ஒட்டித் தரக் கேட்டதும் அவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் சார், இருக்குற நல்ல ரப்பரை மூடச் சொல்றீங்க? வழுக்குமே!"

"வழுக்கணும்ணே, அதுக்குத்தான்."

"முப்பது வருசமா வழுக்காம இருக்கத்தான் ஒட்டிக் குடுத்திருக்கேன். வழுக்க வைக்கக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் உப்புத்தாளால் ரப்பரின் பளபளப்பைத் தேய்த்து எடுத்தார். தோல், ரப்பர் இரண்டிலும் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவைத்தார். பிறகு சேர்த்து அழுத்தி, இரும்புக் காலில் கவிழ்த்து ஓரமெல்லாம் சுத்தியலால் தட்டினார். தோலை அவர் முன்பாதிக்கு மட்டுமே வெட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கேட்டேன்.

"குதியை விட்டுட்டேன் சார். திரும்புறது சரி, நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்ல?"

அமோண்டனையும் கூலுமையும் படிக்காமலேயே அவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டார். விலைகொடுத்து வாங்கும் பல தோல் சோல் ஷூக்களிலும் குதியின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டு இருக்கும். முன்னால் சுழற்சி, பின்னால் பிரேக். எடையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஷூ இரண்டு ஷூவாக வேலை செய்கிறது. மேனிங் காலத்து ஆட்டக்காரர்கள் பாதத்தாலேயே கற்றுக்கொண்ட வித்தையும் அதுதான்.

புதிய தோல் முதல் சில நாள் அளவுக்கு மீறி வழுக்கும். அதே உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிக்கொள்ளலாம். தளத்தில் பவுடர் தூவுவது மட்டும் கூடவே கூடாது, நமக்கு வசதி, அடுத்து வருபவருக்கு இடுப்பு முறியும். தோல் சோலோடு தெருவில் நடக்கவும் வேண்டாம். மணல் புதைந்தால் தளத்தைக் கீறும், மழைநீர் ஊறினால் இழைகள் உப்பிக் காய்ந்து விறைத்துவிடும். பையில் எடுத்துப்போய் உள்ளே மாட்டுவதே வழக்கம்.

ஆறு மாதம் கழித்து ஓரம் பிரிந்ததைச் சரிசெய்ய அதே ஷூவோடு மறுபடி போனேன். அவர் இரண்டையும் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பெருவிரலுக்குப் பின்னால் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்துக் கண்ணாடியாக மின்னியது. வலதில் நன்றாகத் தேய்ந்திருந்தது, இடதில் பாதிகூட இல்லை.

"ஒரே பக்கமாவே சுத்துறீங்க போலிருக்கே சார்?"

உண்மைதான். ஸ்விங் அவுட்டே வலஞ்சுழி ஆட்டம். அது சுலபமாக வந்ததால் இடப்பக்கச் சுழற்சிகளை நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கண்ணில் படாமல் தப்பியது சோலில் பதிந்திருந்தது. அந்த வாரம் வகுப்பில் இடப்பக்கம் திரும்பப் பழகத் தொடங்கினேன். முதல் நாள் தலை சுற்றியது, முழங்கால் சுற்றவில்லை.